ஆறு நிமிடம்

மார்ஸ் சதுக்கச் சந்தையில் வென்டெல்
இரண்டு முயல்களைத் தோலுரித்துத் தாளில் சுற்றித் தருவான்.
"குழம்புக்கா, எமோகே?" என்பான்.
பதினோரு வருடமாக ஆமாம் என்கிறேன்.
சூடு ஆறுவதற்குள் ஏன் இப்படி ஓடுகிறாள் என்று
அவன் கேட்டதில்லை.

இந்த முறை ட்ராம் தாமதம்.
டிசா ஆற்றுப் பாலத்தில் பனி.
ஒரு முயல் வழியிலேயே விறைத்துவிட்டது.

தசையை அரைத்து, அசிட்டோனில் கழுவி, உலர்த்தினால்
பழுப்பேறிய ஒரு மாவு.
அதைக் குளிர்நீரில் ஊறவைத்து வடித்தால்
ஆக்டின். தனித்தனி உருண்டைகள்.
ஒவ்வொன்றின் பிளவுக்குள்ளும் ஒரு ஏடிபி,
மடியில் முடிந்த காசுபோல.

உப்பு விழும்வரை யாரும் யாரோடும் சேர்வதில்லை.
விழுந்த பிறகும் அத்தனை எளிதில்லை.
இரண்டு சேரும். பிரியும்.
வேறு இரண்டு சேரும். பிரியும்.
பிரிவதற்குள் மூன்றாவதாய் ஒன்று வந்து ஒட்டினால்தான்
இழை என்று சொல்லத்தக்க ஏதோ தொடங்கும்.
தொடங்கிவிட்டால்
முன்முனையில் நொடிக்குப் பத்து.
இருட்டறைத் திரையில் ஒரு பச்சைக் கோடு
யாரோ கிழிப்பதுபோல் நீளும்.

நேற்றிரவு குப்பியை மாற்றி எடுத்துவிட்டேன்.
(சோங்கோரின் கையெழுத்தை
மருந்துக்கடைக்காரன்கூடப் படிக்கமாட்டான்.)
ஏடிபி போலவே இருக்கும் அது.
பிளவுக்குள் பொருந்தும்.
உடையமட்டும் உடையாது.
செல்லாக்காசு.

இழைகள் வளர்ந்தன.
நன்றாகவே வளர்ந்தன, அதுதான் விஷயம்.
பிறகு கோஃபிலின் ஊற்றினேன், இழை அறுக்கும் புரதம்.
காத்திருந்தேன்.
கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.
ஒன்றும் அறவில்லை.
ஒரு மணி நேரம் கழித்தும்
திரை முழுக்க அதே பச்சை வைக்கோல்,
அசையாமல்.

பாடத்தில் படித்ததுதான்.
இரவு ஒன்றரை மணிக்குத்தான் உறைத்தது:
சேர்வதற்குக் காசு வேண்டியதில்லை.

காசு செலவாவது சேர்ந்த பிறகு.
இரண்டு நொடியில் ஏடிபி உடைகிறது,
ஆனால் உடைந்த பாஸ்பேட் உடனே கிளம்புவதில்லை.
முறிந்த கையைச் சட்டைக்குள் மறைத்தவன்போல
உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது,
ஏறக்குறைய ஆறு நிமிடம்.
அது வெளியேறும்போதுதான் இழைக்கு வயதாகிறது,
பிடி தளர்கிறது,
கோஃபிலினுக்கு அடையாளம் தெரிகிறது.
வால்முனையில் உதிர்ந்தது
பழைய காசைப் போட்டுப் புதுக்காசு வாங்கிக்கொண்டு
மறுபடி முன்முனைக்குப் போய் நிற்கிறது.
கோட்டின் நீளம் அதேதான்.
கோடு மட்டும் இடம் மாறியிருக்கிறது.

அந்த விறைத்த முயலை நினைத்துக்கொண்டேன்.
செத்த தசை இறுகுவது பலத்தால் அல்ல.
மயோசின் ஆக்டினைப் பிடித்தபடி நிற்கிறது.
விடுவதற்குக் காசில்லை.

என் இடது கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரி.
செவ்வாய்க்கிழமை கண்ணாடித் தகடு கீறியது.
அதன் அடியில், என்னைக் கேட்காமலே,
காயத்தின் இரு கரையிலிருந்தும் செல்கள்
விளிம்பைச் சற்று நீட்டி, ஊன்றி, பின்பக்கத்தை விட்டு,
மறுபடி நீட்டி
ஊர்ந்துகொண்டிருக்கின்றன.
காலையில் கோட்டுப் பைக்குள் கையைவிட்டு
பிய்த்துப் பிய்த்துத் தின்ற கிஃப்ளி ரொட்டி
அங்கேதான் சில்லறையாகிக்கொண்டிருக்கும்.

மூன்று மணிக்குச் சரியான குப்பி.
உப்பு. பச்சைக் கோடுகள். கோஃபிலின்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
நான்கு.
ஐந்து.
ஆறாவது நிமிடம் தாண்டிக் கொஞ்சம்,
மிக நீளமான கோட்டின் பழைய பகுதியில்
ஒரு சின்னக் கறுப்பு இடைவெளி.
பிறகு இன்னொன்று.
வேறெங்கோ, அதே நேரம்,
புதிதாய் ஒரு பச்சைப் புள்ளி.

குறிப்பேட்டில் எழுதினேன்:
முதல் சோதனை, குப்பி மாறியது, பிழை.
பிழை என்பதை அடித்துவிட்டு
வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன்.
மூடியைத் திருகும்போது கட்டைவிரல் சுருக்கென்றது.
இன்னும் மூடவில்லை போல.